சுழல் நால்வருக்கு எந்தக் கீப்பர்? கையா, மட்டையா?

குடமுருட்டி · ஜனவரி 6, இரவு 9:12

வீரர் கார்டு எழுதி, தாயக்கட்டை உருட்டி நாம ஆடுற தாயக்கட்டை டெஸ்டுக்கு அணி முடிஞ்சது, ஒரு இடம் தவிர. அஞ்சு பேட்ஸ்மேன், கீப்பர் ஆறு, கபில் ஏழு, அப்புறம் சுழல் நால்வர்: வெங்கட்ராகவன், பிரசன்னா, பேடி, சந்திரசேகர். கீப்பர் தோனியா கிர்மானியா? தோனி 90 டெஸ்ட், 4876 ரன், சராசரி 38.09. கிர்மானி 88 டெஸ்ட், 2759 ரன், 27.04. ஸ்டம்பிங் (இறங்கி ஆடி கோட்டுக்கு வெளிய நிக்கிறவரை கீப்பர் பெயிலைத் தட்டி அவுட் ஆக்குறது) ரெண்டு பேருக்கும் சரியா 38. கேட்ச் தோனிக்கு 256, கிர்மானிக்கு 160. மட்டையும் தோனி, கையும் தோனி. கோரையாறு அண்ணன் ஏன் கிர்மானிலயே நிக்கிறார்?

கோரையாறு · ஜனவரி 6, இரவு 9:30

கேட்ச் எண்ணிக்கையை வெச்சு கையை அளக்காதே தம்பி. யார் பந்துக்கு நின்னார்னு பாரு.

வெண்ணாறு · ஜனவரி 6, இரவு 10:41

கோரையாறு சொல்றது சரி. ஆனா முடிவு என்னமோ தோனிதான்.

முதல்ல எண்ணிக்கை. கீப்பர் எத்தனை பேரை அவுட் ஆக்கினார்ங்கிறது பாதிக்கு மேல பந்துவீச்சாளர் கணக்கு. ஆஸ்திரேலியாவோட பெர்ட் ஓல்ட்ஃபீல்ட் 54 டெஸ்ட்ல 52 ஸ்டம்பிங். இங்கிலாந்தோட பாப் டெய்லர் 57 டெஸ்ட்ல 7. டெய்லர் கை மட்டம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஓல்ட்ஃபீல்டுக்கு மெய்லி, கிரிம்மெட்னு சுழல் வீச்சாளர்கள் வீசினாங்க, டெய்லருக்கு பெரும்பாலும் வேகம். 256, 160 வித்தியாசமும் அப்படித்தான். கிர்மானி காலத்துல பாதி ஓவர் சுழல், சுழலுக்கு எட்ஜ் எடுத்தா (மட்டை விளிம்புல பட்டா) கிட்ட நிக்கிற ஸ்லிப்புக்கும் சில்லி பாயின்டுக்கும் போகும்.

இப்ப கணக்கு. நம்ம ஆட்டத்துல கீப்பர் கை 16-க்கு இத்தனைன்னு இருக்கு. ஒரு படி வித்தியாசம்னா பதினாறுல ஒரு கேட்ச். ஒரு டெஸ்டுக்கு ஆறு வாய்ப்பு, விட்டா ஒவ்வொண்ணுக்கும் 32 ரன்னு வெச்சா 6 × 32 ÷ 16 = 12 ரன். மட்டையில 11 சராசரி வித்தியாசம், ரெண்டு இன்னிங்ஸ், 22 ரன். கிர்மானி ரெண்டு படி மேல இருந்தாதான் சமம் ஆகும். அவ்வளவு வித்தியாசம் எனக்குத் தெரியலை.

வெண்ணாறு · ஜனவரி 7, காலை 6:05

மேல போட்ட 22 தப்பு. சராசரிங்கிறது ஒரு தடவை அவுட் ஆகுறதுக்கு எத்தனை ரன்னுங்கிறது. இன்னிங்ஸுக்கு இத்தனைன்னு எடுத்தது என் பிழை. தோனி 90 டெஸ்ட்ல 144 இன்னிங்ஸ், 16 நாட் அவுட். அவுட் ஆனது 128 தடவை. 128 ÷ 90 = 1.42. ஆஸ்திரேலியக் கீப்பர் கில்கிறிஸ்ட் 96 டெஸ்ட்ல 137 இன்னிங்ஸ், 20 நாட் அவுட், அது இன்னும் கீழ, 1.22. கீழ் வரிசைக் கீப்பருக்கு ரெண்டாவது இன்னிங்ஸ் பல நேரம் வராது, வந்தாலும் ஆள் இல்லாம நிக்கணும்.

அதனால மட்டை வித்தியாசம் 11.05 × 1.42 = 15.7 ரன். 22-ன்னு நெனச்சு தோனியை எடுத்தவங்க எல்லாரும் ஒருக்கா திரும்பிப் பார்க்கணும், நான் உள்பட.

குடமுருட்டி · ஜனவரி 7, காலை 8:20

அண்ணே, ஆறு வாய்ப்புன்னு எங்கேருந்து வந்துச்சு? சுழல் நால்வருக்கு இன்னும் கூட வரணுமே.

வெண்ணாறு · ஜனவரி 7, இரவு 9:55

அட்டவணையிலேருந்தே வருது. புதுசா வந்தவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன்.

ரெண்டு கட்டையில ஒண்ணுக்கு முனையில சிவப்பு நூல் கட்டிக்கணும். வெறும் முகம் 0, மத்தது 1, 2, 3. நூல் கட்டின கட்டை எண்ணை நாலால பெருக்கி, அடுத்த கட்டையைக் கூட்டி, அதோட ஒண்ணு சேர்த்தா 1 முதல் 16 வரைக்கும் சம வாய்ப்பு. ரெண்டு உருட்டு சேர்ந்தா 256 கட்டம். ஒவ்வொரு பந்தும் இதுல ஒரு கட்டம். ஒரு டெஸ்ட்ல நாம ஃபீல்டிங் பண்றது சுமாரா 170 ஓவர், 1020 பந்து. ஆக ஒரு கட்டம் ஒரு டெஸ்டுக்கு நாலு தடவை வரும். இதை மனசுல வெச்சுக்கிட்டா எந்த அட்டவணையையும் படிச்சிடலாம்.

வேகப் பந்துக்கு ஒரு அட்டவணைத் தாள், சுழலுக்கு ஒண்ணு. ‘கீ’ன்னா கீப்பருக்குக் கேட்ச் வாய்ப்பு, ‘ஸ்ட’ன்னா ஸ்டம்பிங் வாய்ப்பு. வேகத் தாள்ல ‘கீ’ ரெண்டு கட்டம். சுழல் தாள்ல ‘கீ’ ஒண்ணு, ‘ஸ்ட’ ஒண்ணு. ‘ஸ்ட’ விழுந்தா இறங்கி ஆடுறவர்னு குறி இருக்கிற பேட்ஸ்மேனுக்கு மட்டும் சோதனை. பதினொண்ணுல நாலு பேருன்னு வெச்சுக்கலாம். குடமுருட்டி அணியில கபில் 34 ஓவர், மிச்சம் 136 ஓவர் சுழல்:

வேகத்துக்கு 1.6 கேட்ச். சுழலுக்கு 3.2 கேட்ச். ஸ்டம்பிங் 1.2. மொத்தம் ஆறு.

நாலு வேகம் ஒரு சுழல்னு மாத்திப் போட்டா வேகத்துக்கு 6.4, மத்ததெல்லாம் சேர்த்து 1.1, மொத்தம் 7.5. அதாவது தம்பி, வேக அணிக்குத்தான் கீப்பருக்கு வேலை கூட. நானும் சுழலுக்குத்தான் கூட வரும்னு நெனச்சிருந்தேன், கட்டத்தை எண்ணினதும் மாறிடுச்சு. நிஜத்துலயும் அதுதான்: கில்கிறிஸ்ட் இன்னிங்ஸுக்கு 2.18 பேர், தோனி 1.77.

கோரையாறு · ஜனவரி 7, இரவு 10:30

எத்தனை வாய்ப்புங்கிறது பாதிதான். ஒவ்வொரு வாய்ப்புலயும் ரெண்டு கீப்பருக்கு நடுவுல எவ்வளவு இடைவெளி, அதைக் கேளு.

இருபது கஜம் பின்னாடி நின்னு நெஞ்சு உயரத்துல வர்ற எட்ஜை டெஸ்ட் கீப்பர் யாரும் புடிப்பாங்க. நல்லவருக்கும் சுமாரானவருக்கும் அங்க வித்தியாசம் ரொம்பக் குறைவு. ஸ்டம்புக்குப் பின்னாடி கை எட்டுற தூரத்துல குந்தி நிக்கும்போதுதான் ஆள் தெரியும். பந்து பிட்ச் ஆகி எழும்போது கூடவே எழணும். முன்னாடியே எழுந்தா தாழ்ந்த பந்து காலுக்கு நடுவுல போகும், லேட்டா எழுந்தா கை மேல வராது. விரல் நுனி தரையைப் பார்க்கணும், பந்தை நோக்கி நீட்டக் கூடாது. எட்ஜ் பட்டா திசை மாறுறதுக்கும் கைக்கு வர்றதுக்கும் கண்ணிமைக்கிற நேரம்கூட இல்லை. அங்க கை போய்ப் புடிக்காது, ஏற்கெனவே சரியான இடத்துல இருக்கிற கையிலதான் பந்து ஒட்டும்.

அதனால ஒரு கீப்பருக்கு ஒரே எண்ணுன்னு கார்டு எழுதுறதே தப்பு.

வெண்ணாறு · ஜனவரி 8, காலை 5:50

ஒத்துக்கிறேன். நாலு எண்ணா பிரிச்சிடுவோம்: வேகக் கேட்ச், சுழல் கேட்ச், ஸ்டம்பிங், பை (மட்டையில படாம கீப்பரையும் தாண்டிப் போற பந்துக்கு ஓடுற ரன்). அமெரிக்காவுல 1961-லேருந்து வர்ற ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் பேஸ்பால் அட்டை ஆட்டத்துலயும் கேட்சருக்கு ஃபீல்டிங் 1 முதல் 5 வரை தனி எண், எறியிற கைக்குத் தனி எண். அங்க 1-தான் உசத்தி, 5 மட்டம். எறிகைக்கு மைனஸ் இருந்தா நல்லவர். ஒருத்தர்கிட்டயே இந்த ரெண்டும் எதிரெதிரா இருக்கலாம்ங்கிறது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

பிரிச்ச பிறகு, குடமுருட்டி அணிக்கு ஒரு படியோட விலை: வேகக் கேட்ச் 3.2 ரன், சுழல் கேட்ச் 6.4, ஸ்டம்பிங் 2.4. கூட்டினா அதே 12.

வேகத்துக்கு ரெண்டு பேருக்கும் 14. ஸ்டம்பிங்ல தோனியைக் குறைக்க யாரும் வர மாட்டாங்க. பந்தை வாங்கிக்கிட்டு கை பின்னாடி போகாமலே பெயிலைத் தட்டுறவர். ரெண்டு பேருக்கும் 15. ஆக மிஞ்சுறது சுழல் கேட்சும் பையும்தான்.

அரசலாறு · ஜனவரி 8, மாலை 4:15

32 ரன்ங்கிறதைக் கொஞ்சம் பார்க்கணும். நம்ம ஆட்டத்துல கேட்ச் விட்ட பேட்ஸ்மேன் கார்டு மாறுறதில்லை, கட்டைக்கு ஞாபகமும் இல்லை. அதனால தப்பிச்சவருக்கு அவரோட முழுச் சராசரியும் புதுசா கிடைக்கும். 5-ல தப்பினாலும் 95-ல தப்பினாலும் அதேதான். இதுவரைக்கும் சரி.

ஆனா ‘கீ’ பந்துக்குப் பந்து வருது. அதிக நேரம் நிக்கிறவருக்குத்தான் அதிகம் வரும். அப்படி நிக்கிறவர் சராசரியும் பெருசு. எதிரணி சராசரி 40, 40, 45, 45, 40, 35, 30, 20, 12, 10, 5-ன்னு எடுத்துக்குங்க. பதினொரு பேருக்கும் சாதாரணமா பார்த்தா 29. நின்ன நேரத்தை எடையா போட்டா, அதாவது ஒவ்வொண்ணையும் தன்னாலயே பெருக்கிக் கூட்டி 322-ஆல வகுத்தா, 36. விட்ட கேட்சோட விலை அதுதான்.

அதுக்கு மேல, 36 ரன் எடுக்க எழுபது பந்துக்குக் குறையாம ஆகும். பன்னிரண்டு ஓவர். ஒரு பந்துவீச்சாளருக்கு ஒரு இன்னிங்ஸுக்கு 30 ஓவர்தான்னு நம்ம விதி இருக்கிறதால, அதுல பேடி வீசுறதெல்லாம் அவர் பங்குலேருந்து போயிடும்.

வெண்ணாறு · ஜனவரி 8, இரவு 9:20

அக்கா சொன்னது சரி. என் 32-ஐ அடிச்சுட்டு 36 போட்டுக்குங்க. சுழல் கேட்ச் ஒரு படி = 3.2 × 36 ÷ 16 = 7.2 ரன்.

பை கணக்கு. சுழல் தாள்ல ‘பை’ ரெண்டு கட்டம், வேகத் தாள்ல ஒண்ணு. டெஸ்டுக்கு 7.2 சோதனை, தவறினா சராசரியா 3 ரன். ஒரு படிக்கு 1.35. தோனிக்கு 12, கிர்மானிக்கு 14-ன்னு வெச்சா வித்தியாசம் 2.7 ரன்.

சுழல் கேட்ச் 15, 14-ன்னா கிர்மானிக்கு 7.2 + 2.7 = 9.9. மட்டையில தோனிக்கு 15.7. தோனி.
சுழல் கேட்ச் 15, 13-ன்னா 14.4 + 2.7 = 17.1. கிர்மானி.

ரெண்டு நாளா பேசுன எல்லாம் இந்த ஒரு எண்ணுல வந்து நிக்குது. நான் 14 போடுறேன்.

கோரையாறு · ஜனவரி 8, இரவு 9:34

நான் 13. அதுலயும் பந்துவீச்சுல சந்திரசேகர் இருக்கார்ங்கிறதை மறந்துட்டீங்க. அவரை சுழல்னு எழுதினாலும் கூக்ளி (எதிர்ப்பக்கம் திரும்புற பந்து) மித வேகத்துக்கு வரும், குதிச்சும் வரும். ஸ்டம்புக்குப் பக்கத்துல நின்னு அதை வாங்குறது வேற வேலை. கிர்மானி டெஸ்ட்ல இறங்கினது 1976, அவருக்குச் சந்திராவும் பேடியும் பிரசன்னாவும் நேரடியாவே வீசினாங்க.

அரசலாறு · ஜனவரி 9, காலை 7:10

இந்த நால்வரும் ஒண்ணா ஆடின டெஸ்ட் ஒண்ணே ஒண்ணுதான், 1967 எட்ஜ்பாஸ்டன். கீப்பர் ஃபரூக் எஞ்சினியர். புதுப் பந்தை வீச வந்தவர்ல ஒருத்தர் புதி குந்தரன், அவரே ஒரு கீப்பர்! எஞ்சினியரை யாரும் கார்டுல எழுதலையா? 46 டெஸ்ட், சராசரி 31.08, 66 கேட்ச், 16 ஸ்டம்பிங். மட்டையில நடுவுல வர்றார்.

வெண்ணாறு · ஜனவரி 9, இரவு 10:02

எஞ்சினியரை எழுதலாம், ஆனா அவர் பல ஆட்டம் முதல்ல இறங்கினவர். ஓப்பனிங்ல அவரைப் போட்டா ஒரு இடம் மிச்சமாகும். அது தனி இழைக்கான விஷயம், நல்ல விஷயமும்கூட.

குடமுருட்டி · ஜனவரி 11, மாலை 6:30

அப்ப கீப்பரே வேண்டாம்னா? இலங்கையோட சங்கக்காரா சராசரி 57-க்கு மேல. அவர் கைக்கு 12 போட்டாகூட மட்டையில மீண்டுடுமே?

வெண்ணாறு · ஜனவரி 11, இரவு 9:15

இந்தத் தப்பைத்தான் எல்லாரும் பண்றாங்க. கிளவுஸ் போட்ட சங்கக்காரா வேற ஆள். கீப்பரா ஆடின 48 டெஸ்ட்ல சராசரி 40.48. வெறும் பேட்ஸ்மேனா 86 டெஸ்ட்ல 66.78. ரெண்டையும் கலந்த எண்ணைக் கார்டுல எழுதிட்டு கிளவுஸையும் குடுத்தா, இல்லாத பதினேழு ரன்னை இனாமா வாங்கிக்கிட்ட மாதிரி. இங்கிலாந்தோட அலெக் ஸ்டுவர்ட்டும் இப்படித்தான், கீப்பரா 35-க்குள்ள, மத்தபடி 46-க்கு மேல. ஜிம்பாப்வேயோட ஆண்டி ஃப்ளவர் விதிவிலக்கு, கிளவுஸோட 53-க்கு மேல அடிச்சவர். 

அதனால விதி: கீப்பர் கார்டுல கீப்பரா ஆடினப்ப எடுத்த சராசரி மட்டும்.

பகுதி நேரக் கீப்பருக்கு இன்னொண்ணு. நல்ல கீப்பர் 15, இவர் 11-ன்னா நாலு படி. எல்லா வாய்ப்பும் சேர்ந்து ஒரு படி 6 × 36 ÷ 16 = 13.5 ரன். நாலு படி 54 ரன், ஒரு டெஸ்டுக்கு. இதை மட்டையில ஈடுகட்ட சராசரியில 38 கூட வேணும். யாரும் இல்லை. பை வேற இருக்கு: 1934 ஓவல்ல இங்கிலாந்துக் கீப்பர் லெஸ் ஏம்ஸுக்கு அடிபட்டு, 47 வயசு ஃபிராங்க் வூல்லி நின்னார், ஒரே இன்னிங்ஸ்ல 37 பை. முழு நேரக் கீப்பருக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். 2007 பெங்களூர்ல தினேஷ் கார்த்திக் நின்னப்ப பாகிஸ்தானுக்கு 35 பை போச்சு. பந்து தாழ்ந்து திரும்புற ஆடுகளத்துல என்ன ஆகும்னு அந்த ஸ்கோர் அட்டையைப் பார்த்தா தெரியும்.

அரசலாறு · ஜனவரி 12, காலை 6:45

ஆடுகளம்னதும் நம்ம சேப்பாக்கம் ஞாபகம் வருது. 1988 ஜனவரி, வெஸ்ட் இண்டீஸ், சுழல் வீச்சாளர் ஹிர்வானி தன் முதல் டெஸ்ட்லயே 136 ரன்னுக்கு 16 விக்கெட். கிரண் மோரே அந்த ஒரு ஆட்டத்துல 6 ஸ்டம்பிங், ரெண்டாவது இன்னிங்ஸ்ல மட்டும் 5. அவர் 49 டெஸ்ட்ல மொத்தமே 20 ஸ்டம்பிங்தான். கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ஒரே ஆட்டத்துல. கீப்பர் தேர்வுக்கு முன்னாடி ஆடுகளத் தாளை எடுங்கன்னு இதனாலதான் சொல்றேன்.

வெண்ணாறு · ஜனவரி 12, இரவு 8:50

ஆமாம். நம்ம ஆடுகளத் தாள்ல ‘வயல்’னு ஒண்ணு எழுதி வெச்சிருக்கோம், அறுப்பு முடிஞ்ச களிமண்: பாளம் பாளமா வெடிச்சது, அறுத்த நெல்லோட தாள் கட்டை நீட்டிக்கிட்டு இருக்கிறது. அங்க சுழல் தாளோட பை கட்டம் ரெட்டிப்பு, ‘ஸ்ட’ சோதனை, இறங்கி ஆடுறவர்னு குறி இல்லாத பேட்ஸ்மேனுக்கும் உண்டு. அதுல பை ஒரு படி 2.5 ரன் ஆயிடும். கிர்மானிக்குக் கூடுதலா 2.3 ரன். சுழல் கேட்ச் 14-ன்னு வெச்சாலும் 12.2-க்கு 15.7, இன்னும் தோனிதான், ஆனா நெருங்கிடுச்சு.

இன்னொரு பக்கமும் நெருங்குது. குடமுருட்டியோட கடைசி நாலு பேர் சராசரி: வெங்கட் 11.68, பிரசன்னா 11.48, பேடி 8.98, சந்திரா 4.07. சந்திரா வாழ்நாள்ல எடுத்த ரன் 167, எடுத்த விக்கெட் 242. ஆறாவதா இறங்குற கீப்பர் துணை இல்லாம நிக்கப் போறார். 1.42 இங்க 1.3-க்கு வந்தா மட்டை வித்தியாசம் 14.4 ஆகும். நாலு ஸ்பின்னர்ல ஒருத்தரை எடுத்துட்டு பேட்ஸ்மேனைப் போட்டா இந்தச் சங்கடமே இல்லை, கண்ணை மூடிக்கிட்டு தோனி.

குடமுருட்டி · ஜனவரி 19, இரவு 10:20

நால்வரையும் விட மனசு வரலை. பொங்கல் முடிஞ்சு ஆடிட்டோம், வயல் ஆடுகளம், தோனியோட, சுழல் கேட்ச் 14. ஒரு சந்தேகம்: கட்டை வெறும் முகத்துல அதிகமா நிக்குது.

கோரையாறு · ஜனவரி 20, காலை 6:00

கட்டையைத் தனித்தனியா 80 தடவை உருட்டு. ஒவ்வொரு முகமும் 20 வரணும். 12-க்குக் கீழயோ 28-க்கு மேலயோ போனா அந்தக் கட்டை தேய்ஞ்சிருக்கு, விளையாட்டுக்கு எடுக்காதே. பித்தளைக் கட்டையில விளிம்பு மழுங்கிறதுதான் முதல் கோளாறு. பாயில உருட்டினா கோரை இடுக்குல விளிம்பு மாட்டி சாய்ஞ்சு நிக்கும், அதை எந்த முகம்னு சண்டை போடாம மறுபடி உருட்டணும். மடிச்ச துண்டு மேல உருட்டு. ரெண்டு உள்ளங்கையிலயும் வெச்சுத் தேய்ச்சுட்டு விடு, விரலால நழுவ விடாதே.

வெண்ணாறு · ஜனவரி 20, காலை 6:25

கூடவே ஒண்ணு பண்ணு. சுழல் தாள்ல ‘கீ’ விழுந்த ஒவ்வொரு தடவையும் அடுத்து உருட்டின எண்ணை நோட்டுல ஓரத்துல எழுதியிருப்பியே, அதை மட்டும் எடு. அதே உருட்டுக்கு ரெண்டு கார்டையும் வெச்சுப் பார்க்கலாம். 13-ம் அதுக்குக் கீழயும் யார் நின்னாலும் கேட்ச், 16 யார் நின்னாலும் விட்டதுதான். 14, 15 விழுந்த இடம் மட்டும் கீப்பரால மாறின இடம். முழு ஆட்டத்தையும் திரும்ப ஆட வேண்டாம்.

குடமுருட்டி · ஜனவரி 20, மாலை 7:40

கட்டை சரியாதான் இருக்கு, 23, 18, 21, 18. அடுத்தது 17, 22, 19, 22.

சுழல் கேட்சுக்கு ‘கீ’ மூணு தடவை. எண் 7, 14, 2. அந்த 14, எதிரணி மூணாவது ஆள், 31-ல, பிரசன்னா பந்து. தோனி கார்டு 14, அதனால அவுட்.

கோரையாறு · ஜனவரி 20, மாலை 7:52

என் 13-படி அது விட்ட கேட்ச். கிர்மானி நின்னிருந்தா எப்படிப் பார்த்தாலும் அவுட்.

வெண்ணாறு · ஜனவரி 20, இரவு 9:10

அப்ப அந்தப் பந்துலேருந்து ஒரு கிளை ஆடிடுவோம். தம்பி, அந்த இன்னிங்ஸ் தாளைப் பிரதி எடு, 31-ல அந்த ஆள் நாட் அவுட்னு எழுது, பிரசன்னா ஓவர் கணக்கை மாத்தாம அப்படியே தொடரு. புது உருட்டு, பழைய எண்ணை எடுக்காதே, ஏன்னா மட்டை பிடிக்கிற ஆளே வேற. பத்துக் கிளை ஆடி, அவர் கூடுதலா எத்தனை எடுக்கிறார்னு மட்டும் எழுது. அக்காவோட 36-க்குப் பக்கத்துல வருதான்னு பார்ப்போம்.

அரசலாறு · ஜனவரி 20, இரவு 9:26

பத்து போதாது, நாப்பது ஆடுங்க. ஆளுக்குப் பத்து எடுத்துக்கலாம். எனக்குத் தாளைப் படம் பிடிச்சு அனுப்பு தம்பி, சிவப்பு நூல் எந்தக் கட்டையிலன்னும் சேர்த்து எழுது.